காடு பார்க்க முதுமலைக்குத்தான் போக வேண்டுமா?

கிருஷ்ணகிரி வாசகர் ஒருவர் | ஜூன் 2, 2024

தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் ஒரு தேசியப் பூங்காகூடக் கிடையாது. பள்ளி திறப்பதற்குள் பிள்ளைகளுக்குக் காடும் விலங்கும் காட்ட வேண்டுமென்றால் முதுமலைக்குப் போக வேண்டும், முடியாவிட்டால் எல்லை தாண்டிக் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா. ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம், மீன் சாப்பிடலாம், அத்தோடு சரி. இதை மறுப்பவர்கள் யாராவது உண்டா?

பாலக்கோட்டிலிருந்து | ஜூன் 2, 2024, இரவு 10:15

நான் மறுக்கிறேன். இரண்டு பக்கமும் இந்த ஆண்டே குடும்பத்தோடு போய்வந்தவள். பொங்கல் விடுமுறையில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல். மே மாதம் மூன்றாம் வாரம் முதுமலை. நான், தக்காளி மண்டியில் கணக்கு எழுதும் என் கணவர், எட்டாவது படிக்கும் மகள், நான்காவது படிக்கும் மகன், எழுபது வயதைத் தாண்டிய அத்தை.

தேசியப் பூங்கா இல்லை என்பது சரிதான். தமிழ்நாட்டில் மொத்தமே ஐந்துதான் இருக்கின்றன: கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா. ஆனால் பட்டியலில் பெயர் இல்லாததால் நம்மிடம் காடே இல்லை என்று நினைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக் காடுகளும் சேர்ந்தது. 504 சதுர கிலோமீட்டர். முதுமலையின் மையக் காடு 321. பரப்பில் நம்முடையதுதான் பெரியது. என் மருந்துக் கடைக்கு நாள்தோறும் எத்தனையோ பேர் வருகிறார்கள். அவர்களில் இந்தப் பெயரைக் கேட்டவர்கள் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள்.

ஜூன் 2, இரவு 10:50

முதுமலையைக் குறைத்துச் சொல்லிவிட்டேனோ என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். போகாதீர்கள் என்று யாரையும் தடுக்கவில்லை. நாங்கள் போனதும் வீணாகவில்லை. நாளை கடை மூடிய பிறகு விவரமாக எழுதுகிறேன்.

ஜூன் 3, இரவு 9:30

மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயமாகிவிட்டது. மகளே கைபேசியில் விண்ணப்பித்து எடுத்துவிட்டாள். ஊட்டியில் ஓர் இரவு தங்கிவிட்டுக் கூடலூர் வழியாக முதுமலைக் காட்டுக்குள் இருக்கும் தெப்பக்காட்டுக்கு இறங்கினோம்.

காலையில் வனத்துறை வண்டியில் சவாரி. புள்ளிமான் கூட்டம், இரண்டு காட்டெருமை, தொலைவில் தனியாக ஒரு கொம்பன் யானை, மயில்கள். தேக்கு மரத்தில் செம்பழுப்பும் கறுப்பும் கலந்த பெரிய மலபார் அணில் ஒன்று. மகன் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து வண்டி திரும்பிவிட்டது. இறங்கியதும், "அம்மா, ஏழு வகை" என்றான். நாள் முழுக்க அந்த எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் காடு எப்படி இருந்தது என்று ஊர் திரும்பியபின் அவனிடம் கேட்டேன். சொல்லத் தெரியவில்லை. எனக்கும்தான். வண்டியின் சத்தமும், "அதோ, அதோ" என்ற கூச்சலும், முன்னிருக்கைக்காரரின் தலையும்தான் நினைவில் நின்றன.

யானைகள் முகாமில் உணவூட்டும் நேரம் மட்டும் மறக்காது. கேழ்வரகு, கொள்ளு, வெல்லம், உப்பு எல்லாம் அளந்து வைத்து, பெரிய உருண்டையாகப் பிடித்துப் பாகன் வாயில் ஊட்டுகிறார். "நம் வீட்டுக் களியா இது?" என்று மகன் கேட்டான். அத்தை சிரிக்கவில்லை. "இங்கே ஊட்டி விடுகிறார்கள். நம் ஊரில் இதைத் தின்ன வந்தால் வெடி வைத்து விரட்டுகிறார்கள்" என்றார். அன்று மாலை முழுவதும் அந்த ஒரு வரி என் மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. இதற்குத் திரும்ப வருவேன்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். மசினகுடிப் பக்கம் ஒருவர் எங்களிடம் வந்து இரவில் ஜீப்பில் கூட்டிப்போகிறேன், சிறுத்தை நிச்சயம் என்றார். அது சட்டத்துக்குப் புறம்பானது. ஒப்புக்கொள்ளாதீர்கள். விளக்கை முகத்தில் அடித்து ஒரு விலங்கைத் திகைக்கவைத்துப் பார்ப்பதற்குப் பெயர் பார்த்தல் ஆகாது.

ஜூன் 4, இரவு 10:00

இனிப் பொங்கல் பயணம். இதைத்தான் எழுத வந்தேன்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பாலக்கோட்டிலிருந்து கிளம்பினோம். மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை. மேட்டு நிலம், சனவரி மாதம். பத்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத பனி. பேட்டராயசாமி கோயிலில் கும்பிட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு, பனி கலையும்வரை காத்திருந்தோம். அத்தை சால்வைக்குள் முடங்கிக்கொண்டு, "சின்ன வயதில் இந்தப் பாதையில் மாட்டோடு நடந்தே வந்திருக்கிறோம்" என்றார். அவருடைய பிறந்த ஊர் நாட்றாம்பாளையம் பக்கம். அவருடைய அப்பா காட்டுக்குள் பட்டி போட்டு மாடு மேய்த்தவர். இத்தனை ஆண்டுகளில் எங்களிடம் சொல்லாத கதைகளையெல்லாம் அந்தச் சாலையில்தான் சொன்னார்.

அஞ்செட்டிக்கு இறங்கும் சாலையில் மூங்கில் வருகிறது, பிறகு உசிலை, பிறகு பாறையும் முள்ளும். நீலகிரிப் பச்சையை எதிர்பார்த்து இங்கே வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நம்முடையது வறண்ட காடு. சனவரியில் பாதி மரங்கள் இலையுதிர்க்கத் தொடங்கியிருக்கும். அதனால்தான் கண்ணுக்கு வெகுதூரம் தெரிகிறது. ஒரு வளைவில் மேலகிரி மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் மங்கி நின்றன. கணவர் வண்டியின் வேகத்தைத் தானாகவே குறைத்துவிட்டார். கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதுமலையில் ஒரு மணி நேரத்தில் ஏழு வகை பார்த்தோம். இங்கே ஒரு மணி நேரத்தில் ஒரு கீரிப்பிள்ளையும் சாலையோரச் சாணமும்தான். ஆனால் அந்தச் சாணத்தைப் பார்த்துவிட்டு அத்தை சொன்னதைக் கேளுங்கள்: "புளியங்கொட்டை கிடக்கிறது பார். போகிற இடமெல்லாம் விதைத்துக்கொண்டே போவார்." யானை என்ற சொல்லைக் காட்டுக்குள் அவர் சொல்லமாட்டார். பெரியவர் என்றுதான் சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளும் பெரியவர் என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

நாட்றாம்பாளையத்தில் அத்தையின் தம்பி வீட்டில் களியும் கடைந்த கீரையும் சாப்பிட்டோம். பிற்பகல் ஒகேனக்கல்.

2023-இல் மழை குறைவு. ஆற்றில் தண்ணீர் மெலிந்து பாறைகள் எலும்பு எலும்பாகத் தெரிந்தன. புகையும் கல் என்பதுதான் அந்தக் கன்னடப் பெயரின் பொருள். அன்று புகை கொஞ்சம்தான். ஆனால் தண்ணீர் குறைந்ததால்தான் பாறையைப் பார்க்க முடிந்தது. இந்தப் பகுதியில் கார்பனடைட் என்னும் அரிய பாறை இருக்கிறது. 200 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. மகள் கையை அந்தக் கல்லின்மேல் வைத்துக்கொண்டு, "டைனோசருக்கு முன்னாடியா?" என்றாள். அதற்கும் மிக மிக முன்னாடி என்றேன்.

பரிசல்காரர் அவசரப்படாத மனிதர். துடுப்பை நிறுத்திவிட்டு வாயில் விரல் வைத்தார். மணல்திட்டில் கிடந்த கட்டை மெல்ல வாயைத் திறந்தது. முதலை! அவ்வளவு அமைதியாக என் மகன் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ஐந்து தலைகள் நீருக்கு மேல் வந்தன, மறைந்தன, வேறு இடத்தில் வந்தன. நீர்நாய்க் குடும்பம். ஒன்று பாறையில் ஏறி மீனை இரு கைகளாலும் பிடித்துத் தின்றது. பற்கள் மீன் முள்ளைக் கடிக்கும் ஓசை எங்கள் காதில் விழுந்தது. எந்த வண்டியிலிருந்தும் அந்த ஓசை கேட்டிருக்காது. கிருஷ்ணகிரி வாசகரே, உங்களுக்கு என் பதில் இதுதான்.

கரையோர நீர்மருது மரத்தில் ஒரு மலபார் அணிலும் பார்த்தோம்.

ஜூன் 4, இரவு 11:20

தவறு. மேலே நான் எழுதிய கடைசி வரியைத் திருத்துகிறேன். அது மலபார் அணில் இல்லை. ஒசூரிலிருந்து ஒரு வாசகர் நிறம் என்ன என்று கேட்டார். மகளை எழுப்பாத குறையாக விசாரித்தேன். முதுகெல்லாம் சாம்பல், வாலில் நரை. அப்படியென்றால் அது சாம்பல் நிற மலை அணில். ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்காகவே ஒரு சரணாலயம் இருக்கிறது. நம் காவிரிக் கரையிலும் இருக்கிறது. ஆற்றோர மரங்கள் கிளைக்குக் கிளை தொட்டுக்கொண்டிருந்தால்தான் இதற்கு வாழ்வு. ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்குத் தாவியே போகும், தரையில் இறங்குவது மிகவும் குறைவு. நடுவில் நான்கு மரங்களை வெட்டிவிட்டால் அதன் சாலையை வெட்டியது போல.

மே மாதம் முதுமலையில் மலபார் அணிலைப் பார்த்தபோது மகன், "ஒகேனக்கல்லில் இருந்தது சாயம் போன அணில்" என்றான். பிள்ளை கண்டுபிடித்துச் சொன்ன வேறுபாட்டை நான் காதில் வாங்கவில்லை.

ஜூன் 8, பிற்பகல் 3:10

மூன்று பேர் மேலகிரி மலைகள் தெரிந்த அந்த வளைவு எங்கே இருக்கிறது, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லமாட்டேன்.

ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வளைவில் நாங்கள் வண்டியை நிறுத்தி இறங்கினோம். படம் எடுத்தோம். மேலே எழுதியபோது அதை விட்டுவிட்டேன். காட்டுச் சாலையில் இறங்கக்கூடாது என்று பலகை இருந்தது. சாலை பொதுச் சாலை, பஸ் ஓடுகிறது, அதில் போவது தவறில்லை. இறங்கி நிற்பதும், சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் கால் வைப்பதும் தவறு. யானை வழி அது. இரண்டு பிள்ளைகளோடும் முழங்கால் வலிக்கும் ஒரு பெரியவரோடும் அங்கே நின்றதை இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது.

இன்னொன்று. ஒகேனக்கல் போகும் வழியில் குரங்குகளுக்கு மகன் வேர்க்கடலை போட்டான். நான்தான் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். அதன் விளைவை நான்கு மாதம் கழித்து முதுமலையில் கற்றுக்கொண்டு வரவேண்டியிருந்தது. தின்பண்டம் கிடைக்கும் இடமென்று சாலையோரத்திலேயே குரங்குகள் தங்கிவிடுகின்றன. அடிபட்டுச் சாவது அங்கேதான். கடலை போட்ட கை என்னுடையது. அடுத்த தடவை பொட்டலமே வாங்கமாட்டேன்.

ஜூன் 9, காலை 7:00

ஒருவர் கேட்டது நல்ல கேள்வி: சரணாலயம் என்றால் என்ன, தேசியப் பூங்கா என்றால் என்ன, இரண்டும் ஒன்றுதானே?

இரண்டும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. சரணாலயத்தில் மேய்ச்சல் போன்ற சில உரிமைகளை அனுமதித்து ஒழுங்குபடுத்த இடமுண்டு. தேசியப் பூங்காவில் கால்நடை மேய்ச்சலுக்கே இடமில்லை, கட்டுப்பாடு கடுமை. சுற்றுலாப் பயணிக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. காட்டோரம் குடியிருப்பவருக்குத்தான் அது வாழ்வா சாவா.

நான் இதை வாசித்துக் காட்டியதும் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. சில நாட்களிலேயே அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று மாற்றியது. நம்முடையது சரணாலயம். ஆகவே தடை. அத்தை கேட்கிறார்: "எங்கள் அப்பா நாற்பது மாடு வைத்திருந்தார். சாணி அள்ளி வயலுக்குப் போட்டோம். காடு அப்போதும் இருந்தது, பெரியவரும் இருந்தார். மாடு போனபின் வளர்ந்திருப்பது உண்ணிச்செடிதானே?"

எனக்கு இதில் தெளிவான பதில் இல்லை. காட்டுக்குள் வீட்டு மாடு போனால் நோய் பரவும், மானுக்கும் காட்டெருமைக்கும் புல் குறையும் என்பது உண்மை. ஆலம்பாடி மாடு என்னும் நம் மண்ணின் இனம், கரும்சாம்பல் நிறம், இழுவைக்குப் பேர் போனது, இந்த ஆற்றங்கரைக் காடுகளில் பட்டி போட்டு வளர்ந்தது என்பதும் உண்மை. பட்டி போனால் அந்த இனமும் தேயும். காட்டைக் காக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதே நேரம் அத்தையின் அப்பாவைக் குற்றவாளி ஆக்கும் ஒரு பேச்சில் என்னால் சேர முடியாது.

ஜூன் 9, இரவு 8:45

பன்னேர்கட்டா பற்றிக் கேட்டவருக்கு: ஒசூரிலிருந்து பக்கம்தான். 1974-இல் தேசியப் பூங்காவானது. பெரும்பாலோர் பார்த்துவிட்டு வருவது அதன் ஓரத்தில் உள்ள உயிரியல் பூங்காவை, வேலிக்குள் நடக்கும் சவாரியை. உண்மையான காடு அதற்குத் தெற்கே தளி, ஜவளகிரி என்று நம் மாவட்டத்துக்குள் இறங்கி, அஞ்செட்டி வழியாகக் காவிரிவரை போகிறது. யானைக்கு எல்லைக் கல் தெரியாது. அங்கே டிக்கெட் வாங்கிப் போகிறோம், இங்கே பஸ்ஸில் போகிறோம். காடு ஒன்றேதான்.

ஜூலை 31, இரவு 9:00

மேட்டூர் நேற்று 120 அடியைத் தொட்டுவிட்டது. ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை, குளிக்கத் தடை. சனவரியில் மகள் கை வைத்த கல் எங்கேயோ பல அடி ஆழத்தில் கிடக்கும். செய்தியில் "பிலிகுண்டுலு" என்று வந்ததும் மகன் ஓடி வந்தான். கர்நாடகத்திலிருந்து வரும் தண்ணீரை மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் இடம் அது. 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி. கணக்குக்கும் அங்கேதான் அளவு. காட்டின் நடுவே அந்த இடம் இருக்கிறது என்று சொன்னபோது, "அப்போது யானையும் அந்தத் தண்ணீரைக் குடிக்குமா? அதைக் கணக்கில் சேர்ப்பார்களா?" என்று கேட்டான். வழக்கறிஞர்கள் யாராவது இதைப் படித்தால் பதில் சொல்லுங்கள்.

விடுமுறை என்று யாரும் இப்போது கிளம்ப வேண்டாம். வெள்ளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் காவல்துறை அனுமதிக்கும் இடத்திலிருந்து பாருங்கள்.

ஆகஸ்டு 11, காலை 6:30

ஜூன் மாதம் எழுதியதில் பெரிய விடுபாடு. காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தை மறந்தே போனேன். 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது, 686 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டின் 17-ஆவது சரணாலயம். இதுவும் நம் இரு மாவட்டங்களில்தான். வடக்குச் சரணாலயத்தையும் கர்நாடகத்தின் காவேரி, மலை மாதேஸ்வரா சரணாலயங்களையும் இது இணைக்கிறது. நம் வடக்கையும் தெற்கையும் கூட்டினால் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு சதுர கிலோமீட்டர் வருகிறது. 504-ஐ மட்டும் வைத்துக்கொண்டு முதுமலையோடு ஒப்பிட்டேன். என் வாதத்துக்கு நானே பாதி எடைதான் போட்டிருக்கிறேன்.

பாலூட்டிகள் 35 வகை, பறவைகள் 238 வகை என்று அறிவிப்பின்போது சொன்னார்கள். நாற்கொம்பு மான் உண்டு. தலையில் நான்கு கொம்பு உள்ள ஒரே மான் இனம். நாங்கள் பார்த்ததில்லை.

டிசம்பர் 1, இரவு 10:30

தெப்பக்காட்டில் அத்தை சொன்ன வரிக்குத் திரும்ப வருவேன் என்று எழுதியிருந்தேன்.

கேழ்வரகு கதிர் முற்றிவிட்டது. பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைகள் வந்துவிட்டன. ஆண்டுதோறும் நடப்பதுதான்: ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று கூட்டம் கூட்டமாக வந்து, அறுவடை முடிந்ததும் திரும்பிப் போகும். அத்தையின் தம்பி பத்து நாட்களாகப் பரணில்தான் தூங்குகிறார். தூங்குகிறார் என்று எழுதிவிட்டேன். தூங்குவதே இல்லை. டார்ச்சும் பட்டாசும் பக்கத்தில். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். ஒரே இரவில் முக்கால் ஏக்கர் போய்விட்டது. தின்றதைவிட மிதித்தது அதிகம்.

எங்கள் பிள்ளைகள் விடுமுறையில் எதைப் பார்க்க ஆசைப்படுகிறார்களோ, அது வராமலிருக்க வேண்டுமென்று அத்தையின் தம்பி சாமியைக் கும்பிடுகிறார். சுற்றுலா பற்றிப் பேசும்போது இதை மறைத்துவிட்டுப் பேசினால் அது பாதிப் பொய்.

2023 மார்ச்சில் எங்கள் பக்கத்தில், மாரண்டஹள்ளி அருகே, சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் பிழைத்துத் தாயைச் சுற்றிச் சுற்றி வந்தன. அன்று என் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையே பேசினார்கள். ஒருவருக்கும் குரல் எழவில்லை.

மின்வேலி என்றால் எல்லாமே ஒன்று என்று நினைப்பவர்களுக்காக: சூரிய மின்வேலியில் மின்சாரம் விட்டு விட்டு, கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் துடித்து நிற்கும். யானைக்குச் சுள்ளென்று படும், விலகிப் போகும், சாகாது. வீட்டு மின்கம்பியிலிருந்தோ கம்பத்திலிருந்தோ நேராகக் கொக்கி போட்டு வேலியில் விட்டால் அது நிற்காமல் பாயும். யானை சாகும். நள்ளிரவில் வரப்பில் நடக்கும் மனிதனும் சாவான். சூரிய மின்வேலிக்குச் செலவு அதிகம், கொக்கிக்குச் செலவே இல்லை. இந்த இடைவெளியில்தான் சாவுகள் நடக்கின்றன. அகழியையும் இரும்புக் கம்பிவட வேலியையும் இன்னும் நீட்டுங்கள், பயிர்ச்சேதத்துக்கு உரிய இழப்பீட்டை விரைவாகக் கொடுங்கள் என்று நம் மாவட்டத்துக்காரர்கள் சேர்ந்து கேட்க வேண்டும். யானை பார்க்கப் போகும் நகரத்துக்காரர்களும் சேர்ந்து கேட்க வேண்டும்.

பிடித்து வேறு காட்டில் விட்டால் ஆகாதா என்று கேட்கிறார்கள். 2023 பிப்ரவரியில் பாலக்கோடு பக்கம் ஒரு மக்னாவை, அதாவது தந்தமில்லாத ஆண் யானையைப் பிடித்து ஆனைமலையில் டாப்சிலிப் காட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அது காட்டைவிட்டு இறங்கி நடந்து கோயம்புத்தூர் நகர எல்லைக்கே வந்துவிட்டது. அதன் மனத்தில் எந்த ஊர் இருந்ததோ!

டிசம்பர் 2, காலை 6:15

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டுக் கணவர், "யாரும் வரவே மாட்டார்கள் இதைப் படித்தால்" என்றார். வரவேண்டும் என்றுதான் நான் எழுதுகிறேன். நாட்றாம்பாளையத்தில் களி சாப்பிடுங்கள். சந்தையில் புளி வாங்குங்கள். அய்யூரில் வனத்துறையின் சூழல் சுற்றுலாப் பூங்கா இருக்கிறது, முறையாக அனுமதி கேட்டுப் போங்கள். ஒகேனக்கல்லில் மீனை வாங்கிக் கரையில் சமைத்துக் கொடுக்கும் பெண்களிடமே கொடுத்துச் சாப்பிடுங்கள். அவர்கள் அரைக்கும் மிளகாய் விழுதுக்கு ஈடு எங்கும் இல்லை. நீங்கள் செலவழிக்கும் காசு காட்டோரத்தில் இருப்பவர் கைக்குப் போனால், காடு இருப்பதில் அவருக்கும் ஒரு பங்கு கிடைக்கும்.

ஜனவரி 19, 2025, இரவு 9:50

இந்த இழையைத் தொடங்கிய கிருஷ்ணகிரி வாசகர் பொங்கலுக்கு அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போய்வந்திருக்கிறார். "சாலையில் குரங்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, பிள்ளைகளுக்குச் சலிப்பு" என்று எழுதியிருக்கிறார். உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. காலை பதினொரு மணிக்கு வண்டியில் கடந்தால் குரங்குதான் தெரியும். விடியலில் போங்கள். ஆற்றில் இறங்கி நேரம் கொடுங்கள். வயதானவர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

நாங்களும் அதே நாட்களில்தான் நாட்றாம்பாளையத்தில் இருந்தோம். இந்த முறை வண்டி எடுக்கவில்லை. அத்தை பஸ்ஸில்தான் போகவேண்டும் என்றார். மாட்டுப் பொங்கல் இரவு எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பத்து மணி இருக்கும். கொல்லைப் பக்கம் கிளை முறியும் ஓசை. பிறகு மூச்சு விடுவது போல ஒரு நீண்ட ஓசை. அத்தையின் தம்பி விளக்கை அணைக்கச் சொன்னார். மகன் என் மடியில் இருந்தான், அவன் நெஞ்சு அடித்துக்கொள்வது என் வயிற்றில் தெரிந்தது. யாரும் எதையும் பார்க்கவில்லை. கால் மணி நேரம் கழித்து நாய்கள் குரைப்பதை நிறுத்தின. "போய்விட்டார்" என்றார் அத்தை.

காலையில் வாழைத்தோட்டத்து ஈரமண்ணில் முன்னங்கால் தடம் தட்டுப் போலப் பதிந்திருந்தது. நான்கு வாழைகள் சாய்ந்து கிடந்தன. முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய தோள் உயரம் வரும் என்று மகள் எங்கோ படித்திருக்கிறாள். தன் துப்பட்டாவைச் சுற்றிவைத்து அளந்தாள். நாலரை அடி. வீட்டு நிலைப்படியருகே போய் நின்று கையை உயர்த்திப் பார்த்தாள். நிலை ஏழடி. அதற்கு மேலே சுவரில் இன்னும் இரண்டடி தள்ளிக் கரித்துண்டால் ஒரு கோடு போடச் சொல்லித் தன் மாமாத் தாத்தாவைக் கேட்டாள். அவர் விழுந்த வாழைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஏணி எடுத்துவந்து கோடு போட்டுக் கொடுத்தார்.